பதுவாவுக்கு என்று வைத்திருந்த ஞாயிறு

‘ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லாதே’ என்று ஒரு சொலவடை உண்டு. அதன்படியே எழுதுகிறேன். இதில் ஊர்களின் பேர் வரும், ஆட்களின் பேர் வராது. வருகிற ஊர்களிலும் பாதி நான் போகாத ஊர்கள்.

ஒரகடத்தில், வண்டிகளுக்குக் குழாய் வளைத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வளைக்கிற மெஷின் இத்தாலியில் செய்தது. அதற்கு அளவு வைத்து ஓட விடுவது என் பாடு. ஐடிஐ முடித்த கையோடு திசையன்விளைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறியவன். பள்ளிக்கூடத்தில் வந்த படிப்பு அவ்வளவுதான்; மிச்சமெல்லாம் ஆளோடு ஆள் பேசி வந்தது. டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவர் ஒரு வார்த்தை நன்றாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கு டீயில் சர்க்கரை குறைவாக இருந்தாலும் எனக்கு இனிக்கும்.

அப்போது வல்லக்கோட்டை போகிற சாலையில் குடியிருந்தேன். முன்னால் வீட்டுக்காரர்கள் வீடு, பின்னால் வரிசையாக வாடகை அறைகள், அறைக்கு அறை தெற்கத்தி ஆட்கள். வீட்டுக்காரர் மகன் எங்கள் கம்பெனியில்தான், எங்கள் லைனில்தான் இருந்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. அவன் என்னை மச்சி என்பான், நான் அவனை மாப்ளே என்பேன். இரத்த உறவு கிடையாது. ஆனால் அவன் அம்மா மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் பின்னறைக்கு வராமல் இருந்ததில்லை. கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தால் திட்டுவார். “நீ கய்வுற லட்சணத்துக்கு நா மறுக்கா கய்வணும். சும்மா குட்த்துட்டுப் போ.”

கம்பெனியில் இரண்டாவதாக ஒரு மெஷின் வாங்க முடிவானது. இந்த மாதிரி மெஷினைச் சும்மா கப்பலில் ஏற்றிவிட மாட்டார்கள். நம் ஆள் அங்கே போய், நம் குழாயை அதில் கொடுத்து வளைத்துப் பார்த்து, சரி என்ற பிறகுதான் கட்டி அனுப்புவார்கள். அதற்கு ஒரு இன்ஜினியரும், மெஷினில் கை வைத்துப் பழகிய ஒரு ஆளும் போக வேண்டும். அந்த ஆள் நான்தான் என்று மேனேஜர் சொன்னார். பாஸ்போர்ட்டை ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. நான் இல்லாத நாட்களில் பழைய மெஷின் நிற்கக் கூடாது. எனக்குப் பதில் ஒருவனை நானே தயார் பண்ண வேண்டும்.

எங்கள் லைனில் ஒரு பலகை தொங்கும். ஒவ்வொருவர் போட்டோவுக்குப் பக்கத்திலும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் நாலு கூறு. வேலை பழகப் பழக ஒவ்வொரு கூறாகப் பச்சை அடிப்பார்கள். நாலும் பச்சை என்றால் அவன் தனியாக ஓட்டுவான், அடுத்தவனுக்கும் சொல்லிக் கொடுப்பான். என் வட்டம் எப்போதோ பச்சை. வீட்டுக்காரர் மகனுடையது பாதியில் நின்றிருந்தது.

“நீ நெரப்பிக்கோ மாப்ளே, நான் போயிட்டு வந்துருதேன்” என்றேன்.

“கத்துக்குடு மச்சி. உனுக்காவ இதுகூட செய்ய மாட்டனா?” என்றான்.

கற்றுக் கொடுத்தேன். அவன் ஷிப்டிலும் கூடவே இருந்து காட்டினேன். குழாயை எவ்வளவு வளைத்தாலும் விட்டவுடன் கொஞ்சம் நிமிரப் பார்க்கும். அதனால் வேண்டிய அளவைவிடக் கூட வளைக்க வேண்டும். எவ்வளவு கூட என்பது மெஷினில் எழுதியிருக்காது, அந்தந்தக் கட்டில் வந்த இரும்பைப் பொறுத்தது. வளைவின் உள்பக்கம் சுருக்கம் விழப்போகிறது என்றால் முதலில் சத்தம் மாறும். அந்தச் சத்தத்தைக் கேட்க அவன் காதருகே போய் “இப்ப, இப்ப” என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். கெட்டிக்காரன், பிடித்துக்கொண்டான்.

வேலை நாட்களில் ஊர் சுற்ற முடியாது. நடுவில் ஒரே ஒரு ஞாயிறு வரும். அந்த ஒரு ஞாயிறுக்கு எந்த ஊர் என்பதுதான் அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் பேச்சு.

மெஷின் செய்கிற கம்பெனி விசென்ஸா என்ற ஊருக்கு வெளியே இருந்தது. முன்பு பழைய மெஷின் கோளாறானபோது அங்கிருந்து ஒரு இத்தாலிக்காரர் வந்து சரிபண்ணினார். அவரை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய், போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு பேசியே தீர்த்தேன். அவர் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டாம்: வெனிஸ்காரன் பெரிய துரை, பதுவாக்காரன் பெரிய பண்டிதன், விசென்ஸாக்காரன் பூனை தின்கிறவன், வெரோனாக்காரன் அத்தனை பேரும் கிறுக்கன். சொல்லிவிட்டு, தான் விசென்ஸா என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டி, கடை வாசலில் படுத்திருந்த பூனையைப் பார்த்து உதட்டை நக்கினார். டீக்கடைக்காரர் பூனையைத் தூக்கிக் கல்லாப் பக்கம் வைத்துக்கொண்டார்.

ரயில் பாதையும் அவர் சொன்னதுதான். மறைமலை நகர் ஸ்டேஷனில் நின்றால் ஒரு பக்கம் செங்கல்பட்டு, மறுபக்கம் தாம்பரம், விடாமல் போனால் கடற்கரை. அதே கணக்குத்தான் விசென்ஸாவிலும். மேற்கே வெரோனா, கிழக்கே பதுவா, அதற்கப்பால் தண்ணீரில் வெனிஸ். இடையில் வண்டி மாறினால் மாந்தோவா, ஃபெராரா.

ஷிப்ட் மாறும்போது நான் வெளியே வருவேன், அவன் உள்ளே போவான். கம்பெனி வாசலுக்கு எதிரே அந்த ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் இத்தாலியைக் கூறு போடுவோம்.

“வெனிஸுக்குப் போடா. தண்ணி மேல வூடு கட்டிகினு கீறான். அத்த வுட்டுட்டு வேற இன்னாத்தப் பாக்கப்போற?” என்பான் அவன்.

“மழை பெஞ்சா உங்க தெருவுலயும் வீடு தண்ணி மேலதான்ல நிக்கி. போன மழையில உங்க அம்மை கட்டில் மேல அடுப்ப வச்சுல்லா கொழம்பு காய்ச்சுனாவ.”

“அதுவும் இதுவும் ஒண்ணாடா? அங்க படகுல பாட்டுப் பாடிகினு வருவான்.”

“நம்ம தெருவாண்டயும் படகு வந்துச்சேபா” என்றார் டீக்கடைக்காரர். “பாட்டுதான் யாரும் பாடல.”

வெரோனாவில் ஊர் நடுவே வட்டமாக ஒரு கல் அரங்கம். அந்தக் காலத்தில் ஆளை ஆள் வெட்டிக்கொண்ட இடம். இப்போது அதே படிக்கட்டில் உட்கார்ந்து பாட்டுக் கச்சேரி கேட்கிறார்களாம். இதைச் சொன்னதும் டீக்கடைக்காரர் வடிகட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு யோசித்தார். “சண்ட போட்ட எடத்துல அவன் பாட்டு பாட்றான். நம்மாளு பாட்டு போட்ட எடத்துலதான் சண்ட போட்றான்.”

மாந்தோவாவைச் சுற்றி மூன்று பக்கமும் ஏரி. ஏரி நிறையத் தாமரை. இதை அவன் அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. “வெள்ளக்காரன் ஊர்ல தாமரையா? இன்னாத்துக்கு, எந்தச் சாமிக்குப் போட்றான்?” ஆனால் குளிரில் பூ இருக்காது, நான் போகிறது குளிர்காலம். ஃபெராராவில் அகழிக்கு நடுவே ஒரு கோட்டை, ஊரெல்லாம் சைக்கிள்.

ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருந்தது. திரும்பி வந்து அதை யாரிடம் சொல்லப் போகிறேன்? வெரோனா என்றால் டீக்கடைக்காரர். மாந்தோவா என்றால் அவன் அம்மா. வெனிஸ் என்றால் அவன். ஃபெராராவைச் சொல்ல எனக்கு ஆளே இல்லை, அதனால் அது முதலில் விழுந்தது.

பதுவாவைச் சொல்ல என் அக்கா இருந்தாள்.

அந்த இத்தாலிக்காரர் சொன்ன ஊர்களில், சின்ன வயதிலிருந்து என் காதில் விழுந்த ஒரே ஊர் பதுவாதான். பதுவை நகர் அந்தோணியார் என்று ஜெபத்தில் வரும். எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் என்ன என்றாலும் உவரி அந்தோணியாரிடம்தான் போவோம். அவர் பேசினால் மீன்கூடத் தண்ணீருக்கு மேல் தலையைத் தூக்கிக் கேட்குமாம். அப்படிப் பேசியவருடைய நாக்கு, அவர் செத்து எத்தனையோ நூறு வருஷம் ஆகியும் அழியாமல், இன்றைக்கும் பதுவாக் கோயிலில் இருக்கிறது. வாயாடியான எனக்கு அதுவே போதும், ஒரு ரயில் டிக்கெட் எடுக்க. ஆனால் காரணம் அது மட்டுமல்ல. என் அக்கா மகனுக்கு வயது ஐந்தாகியும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்கிறார்கள். நாகர்கோவிலில் பயிற்சிக்கு அழைத்துப் போகிறாள். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை உவரிக்கும் தூக்கிக்கொண்டு போகிறாள். நான் இத்தாலி போகிறேன் என்றதும் அவள் சட்டை கேட்கவில்லை, செண்ட் கேட்கவில்லை.

“ஏலே, அந்த நாக்கு முன்னால நின்னு நம்ம பிள்ள பேர ஒரு தடவ சொல்லிட்டு வா. அது போதும்” என்றாள்.

இதை அவனிடம் சொன்ன பிறகும் அவன் விடவில்லை. “காத்தால பதுவா, மத்தியானம் வெனிஸ். ஒரே லைனுதானே?” என்று பார்த்தான். ஒரே நாளில் இரண்டு ஊர் பார்ப்பதும் ஒரே இலையில் இரண்டு கல்யாணச் சாப்பாடு சாப்பிடுவதும் ஒன்று என்றேன். அவன் கோபித்துக்கொண்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். அப்படியெல்லாம் கோபம் வருகிற அளவுக்கு அவனுக்கு அந்த ஊர் வேண்டியிருந்தது. நான் வெனிஸில் நின்று வீடியோவில் அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் காட்ட வேண்டும் என்பது அவன் ஆசை.

பிறகு ஒரு நாள் அவன் சண்டையை நிறுத்திவிட்டான்.

ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் வழிந்த வாரம் அது. அந்த வாரம்தான் அவன் வட்டத்தில் கடைசிக் கூறும் பச்சையானது. நான் பதுவா என்று ஆரம்பித்தேன். வழக்கம்போல் வெனிஸை எடுத்து வீசுவான் என்று காத்திருந்தேன். “போடா, பதுவாவே இருக்கட்டும். உங்க அக்கா கேட்டுதில்ல” என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் பக்கத்து நியாயத்தை ஒருவன் இப்படி முழுசாக ஏற்றுக்கொண்டானே என்று. அதற்குப் பிறகு அவன் பேச்சு வேறு மாதிரி ஆனது. ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு நடக்கிற தூரமா? டிக்கெட்டை ஏறுவதற்கு முன் மெஷினில் விட்டு முத்திரை அடிக்க வேண்டுமாமே, எங்கே? வழியில் சோறு கிடைக்குமா? நான் படித்ததையும் கேட்டதையும் அள்ளி அள்ளிக் கொட்டினேன். ஸ்டேஷனிலிருந்து நேரே போனால் பெரிய மைதானம் வரும், வட்டமாக வாய்க்கால், வாய்க்கால் ஓரம் சிலைகள், அதற்குச் சற்று முன்பே இடது பக்கம் திரும்பினால் கோயில். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். என்மேல் உள்ள அக்கறை என்று நினைத்தேன்.

ஒரு காலையில் அவன் அம்மா பின்னறைக்கு வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் மஞ்சள் பை.

“இந்தாபா, வல்லக்கோட்டைக்குப் போய்ட்டு வந்தோம். முருகன் காலாண்ட வெச்சு எடுத்துகினு வந்தேன்.”

விபூதியை வாங்கிக்கொண்டேன். மஞ்சள் பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பாஸ்போர்ட். அட்டை மேல் குங்குமம் அப்பியிருந்தது.

“விசா குத்திக் குட்த்துட்டான். எம்புள்ள ப்ளைட்ல போவும்னு நெனச்சனா நானு? ஆமா, அங்க குளுரு எப்டி? ஸ்வெட்டரு ஒண்ணு போதுமா, ரெண்டு வோணுமா? நீதான் எல்லாம் படிச்சு வெச்சுகினு கீற, நீ சொல்லு.”

எனக்கு முதலில் புரியவே இல்லை. நானும் அவனும் சேர்ந்து போகிறோம் என்று கம்பெனி மாற்றியிருக்கிறது போல, எனக்குத்தான் இன்னும் சொல்லவில்லை என்று ஒரு நிமிஷம் சந்தோஷம்கூடப் பட்டேன்.

“நீ போவலியாமே” என்றார். “வேற எடத்துக்கு வேலைக்குப் போவப்போறியாமே? எங்கைல ஒரு வார்த்த சொல்லலியே நீ.”

“ரெண்டு ஸ்வெட்டர் வாங்குங்க அத்தை” என்றேன். “உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு.”

அன்றைக்கே மேனேஜரைப் பார்த்தேன். தங்கமான மனிதர்தான், நாற்காலியைக் காட்டினார்.

“போய்ட்டு வந்து மறுமாசமே நீ பேப்பர் போட்டேன்னா, மேல நான் என்னப்பா பதில் சொல்றது? குவைத் போற ஐடியால இருக்கியாமே.”

“யார் சார் சொன்னா?”

“சொன்னாங்கப்பா. விடு. பழைய மெஷினும் உன்னை நம்பித்தானே ஓடுது. அடுத்த தடவை பாத்துக்கலாம்.”

யார் சொன்னது என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குவைத் என்ற வார்த்தையை இந்த ஊரில் நான் ஒருவனிடம்தான் சொல்லியிருந்தேன். ஒரு நாள் குழாய் நிறைய வீணாகி, சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் என்னைத் திட்டிவிட்டார். அன்று டீ குடிக்கும்போது, சித்தப்பா மகன் குவைத்தில் இருக்கிறான், பேசாமல் அங்கே போய்விடுவேன் என்றேன். ஒரகடத்தில் வேலை பார்க்கிறவர்களில் மாதம் ஒரு தடவை கல்ஃப் போகிறேன் என்று சொல்லாதவன் யார்? ஊரில் கிணற்றில் குதிக்கிறேன் என்று சொல்கிற மாதிரி அது. கேட்கிறவன் “போதும் வா” என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவனும் அப்படித்தான் அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

டீக்கடையில் காத்திருந்தேன். அவன் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தெரிந்துகொண்டான், அம்மா சொல்லியிருப்பார்.

“மேனேஜர் கூப்ட்டு கேட்டாரு மச்சி. அவன் இருப்பானா, போய்டுவானான்னு. நா இன்னா சொல்றது? நீதானே குவைத் போறன்னு சொன்ன?”

“சொன்னேன். உங்கிட்டதானல சொன்னேன்.”

“பொய்யா சொன்னேன்? நீ சொன்னத்ததான் சொன்னேன்.”

“அவர் எப்ப கேட்டாரு?”

அவன் க்ளாஸைச் சுழற்றினான்.

“ஏரி நெறைஞ்ச வாரமா?”

தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் ஏன் வெனிஸை விட்டான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கண் வழியாகப் பார்க்க வேண்டியிருந்தவரை அவன் என்னோடு மல்லுக்கட்டினான். சொந்தக் காலில் போகப் போகிறவன் யாரோடு மல்லுக்கட்ட வேண்டும்? நான் ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சு நிறைந்து நின்ற அந்தச் சாயங்காலத்தில் அவனுக்கு விஷயம் தெரியும். அதற்குப் பிறகு சாயங்காலத்துக்குச் சாயங்காலம் வந்து, என் டீயைக் குடித்துக்கொண்டு, எங்கே திரும்ப வேண்டும், எங்கே முத்திரை குத்த வேண்டும் என்று என் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறான். மேனேஜரிடம் சொன்னதைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. மேனேஜர் அறையில் உட்கார வைத்துக் கேட்டால் யாருக்கும் வாய் குழறும். ஆனால் அந்தச் சாயங்காலங்கள்?

“எனுக்கும் ஒரு தபா ப்ளைட்ல போவணும்னு இருக்காதா மச்சி?” என்றான்.

“இருக்கும்ல. அத எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா?”

டீக்கடைக்காரர் எங்கள் பக்கம் பார்க்காமல் பாலை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

அவன் போனான். நான் பழைய மெஷினில் இரண்டு ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தேன். அக்காவிடம், இந்தத் தடவை கம்பெனியில் அனுப்பவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டேன். “போனாப் போகுது, உவரி இருக்கு” என்றாள். அவள் அப்படி லேசாகச் சொன்னதுதான் எனக்குக் கனமாக இருந்தது.

நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓவர்டைம். மெஷின் பக்கம் போன் கொண்டுபோகக் கூடாது, பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மாலை டீ நேரத்தில் எடுத்துப் பார்த்தால் அவன் வரிசையாகக் கூப்பிட்டிருந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் வந்தது. எடுத்தேன்.

திரையில் அவன் முகம், தலையில் குல்லாய், அம்மா வாங்கிய ஸ்வெட்டர். பின்னால் பெரிய பெரிய குமிழ்க் கோபுரங்கள். படத்தில் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமான கோபுரங்கள்.

“மச்சி, பதுவா வந்துகீறேன்டா! நீ சொன்னா மாரியே டேஷன்லந்து நடந்தே வந்தேன். இன்ஜினியரு வெனிஸ் போய்ட்டாரு. வாடா வாடான்னாரு, நா வர்லன்னுட்டேன்.”

போனைத் தூக்கிக்கொண்டு ஆள் இல்லாத சுவரோரம் நகர்ந்தேன்.

“நாக்கு இருக்கற எடத்தாண்ட க்யூ நிக்கிது. உள்ள போட்டோ எடுக்க வுட மாட்றான். அங்க நின்னு இன்னா சொல்லணும்? எனுக்கு முருகன் பாட்டுதான் தெரியும். நீ சொல்லு, அப்டியே போய்ச் சொல்றேன்.”

அவன் மூக்கு குளிரில் சிவந்திருந்தது. செய்த காரியத்தை இதோடு சரிக்கட்டிவிடலாம் என்று மனசார நம்புகிற முகம். அவன் வெனிஸ் போயிருக்கலாம். படகில் ஏறி, பாட்டுக் கேட்டு, ஆயிரம் போட்டோ போட்டிருந்தால்கூட எனக்குப் பதுவா மிச்சம் இருந்திருக்கும். என்றைக்காவது ஒரு நாள் நான் போக வேண்டிய இடமாக அது அங்கேயே இருந்திருக்கும். ப்ளைட்டை எடுத்தான், அங்கே எனக்கு என்று இருந்த வேலையை எடுத்தான், கடைசியில் நான் அங்கே போவதற்கு இருந்த ஒரே காரணத்தையும் நல்லது செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டு நிற்கிறான்.

போனை அணைக்க விரல் போனது. ஆனால் வரிசை நகர்ந்தால் அந்த நாக்கு முன்னால் போய் நிற்கப்போகிறவன் அவன்தான், நான் இல்லை. பிள்ளைக்கு ஐந்து வயது.

அக்கா மகன் பேரைச் சொன்னேன். அவன் ஒரு தடவை திருப்பிச் சொன்னான். உச்சரிப்பைத் திருத்தினேன். மறுபடியும் சொன்னான்.

“அவ்ளோதானா? வேற ஒண்ணும் வோணாவா?”

“வேற ஒண்ணும் சொல்லாத” என்று வைத்துவிட்டேன்.

அவன் திரும்பி வந்த பிறகு ஒரு மதியம் கேண்டீனில் லைன் ஆட்கள் எல்லாரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஊர் எப்படி, கோயில் எப்படி என்று கேட்டார்கள்.

“நல்லா இருந்திச்சிபா. பெரிய சர்ச்சு. செம குளுரு” என்றான். அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த வெல்டிங்காரர் ஒருவர், பழக்க தோஷத்தில், பக்கத்து மேஜையிலிருந்த என் பக்கம் திரும்பினார். “இவன் சொல்றது ஒண்ணும் வெளங்கல. நீ சொல்லுபா, நீதான் நல்லா சொல்லுவ.”

வாய்க்கால் ஓரச் சிலைகள் வரைக்கும் சொல்ல என்னிடம் இருந்தது. சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டேன்.

அந்த மாதக் கடைசியில் அறையைக் காலி பண்ணினேன். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு அறை கிடைத்தது. கம்பெனிக்குத் தூரம்தான், பரவாயில்லை. அவன் அம்மா வாசலில் நின்று என் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“குவைத்துன்னாங்க, இப்ப இருங்காட்டுக்கோட்டைன்ற. எங்க வூட்ல உனுக்கு இன்னாபா கொறை?”

“கொறையே இல்ல அத்தை. கெடச்சதெல்லாம் கூடுதல்தான்.”

“அப்புறம் இன்னாத்துக்குப் போற?”

என்ன சொல்வது? மகனைப் பற்றித் தாயிடம் சொல்லக் கூடாது. அவர் பாட்டுக்கு ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றி மூடிக் கொடுத்தார். “கிண்ணத்த நீயே வெச்சுக்க” என்றார். இன்றைக்கும் அந்தக் கிண்ணம் என்னிடம் இருக்கிறது, நான்தான் கழுவுகிறேன்.

பெட்டியை எடுக்கும்போதுதான் பார்த்தேன், ஜன்னல் கம்பியில் ஒரு சின்னக் காகித உறை செருகியிருந்தது. உள்ளே விரல் நகம் அளவு ஒரு பதக்கம், அந்தோணியார் உருவம் போட்டது. என்னிடம் நேரே நீட்ட அவனுக்கு முகம் இல்லை. அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அவன் என்னிடமிருந்து எடுத்தது என்னுடையது; கொண்டுவந்து வைத்தது பிள்ளையுடையது. அடுத்தவர் பொருளை நான் எப்படி விட்டுவிட்டு வர முடியும்? அக்காவுக்குக் கொரியரில் போட்டேன்.

கிடைத்த அன்றைக்கே அவள் கூப்பிட்டாள்.

“ஏலே, பதுவா மெடல்லா இது! ஒன்னத்தான் அனுப்பலியே, யாரு போனா?”

“கூட வேல பாக்குதவன்.”

“கோயிலுக்கா போனான்? நம்ம பிள்ள பேரச் சொன்னானா?”

“சொன்னான்க்கா.”

“நம்ம ஆளா?”

“இல்ல. வல்லக்கோட்ட முருகன் கும்புடுதவன்.”

போனுக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “யாரு பெத்த பிள்ளையோ! ஒரு நாள் லீவ நமக்காவ அழிச்சிருக்கான் பாரு. வாற செவ்வாக்கெழம உவரியில அவனுக்குன்னு ஒரு மெழுகுதிரி ஏத்திருதேன். அவன் பேரு என்னல?”

பத்து வருஷத்துக்கு முன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னவர் பேர்கூட எனக்கு ஞாபகம் இருக்கும். அக்காவுக்கும் அது தெரியும்.

“பேரு சட்டுனு வரமாட்டேங்குக்கா” என்றேன்.